கொய்யா இலையிலிருந்து அந்துப்பூச்சி வரை: ஒரு காவடிப்புழுவின் வாழ்க்கைச் சுற்றை முழுதாகப் பதிவு செய்வது எப்படி?

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகும் வழியிலுள்ள ஒரு தென்னந்தோப்பின் ஊடுபயிரான கொக்கோ இலையில் நான் முதன்முதலாக எடுத்த கரும்புழுக்கள் பதினான்கு. அவற்றில் ஒன்றுகூட அந்துப்பூச்சியாகவில்லை. இரண்டாம் முறை எடுத்தவற்றுள் ஒன்று மட்டும் சிறகு சுருங்கிய நிலையில் வெளிவந்தது. மூன்றாம் முறைதான் முட்டை முதல் பூச்சி வரை ஒரு சுற்றை அறுபடாமல் எழுதி முடித்தேன். இடையில் வீணான எட்டு மாதங்களில் நான் செய்த பிழைகள் பெரும்பாலும் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நேர்ந்திருக்கக் கூடாதவை. ஆகவே அவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

நான் சொல்லப்போகும் பூச்சியின், அதாவது உடலைக் காவடிபோல் வளைத்து நடக்கும் இந்தக் கரும்புழுவின், அறிவியற்பெயர் ஹைப்போசிட்ரா தலாக்கா. இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வழியாக நியூகினி, வட ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கும் இதற்கு உணவுச்செடி என்று ஒன்றிரண்டு மட்டுமில்லை. தேயிலை, காப்பி, கொக்கோ, கொய்யா, மருத மர இனங்கள் எனப் பலவற்றையும் தின்னும். தொடக்கநிலையாளருக்கு இதைவிட ஏற்ற பூச்சி கொங்கு நாட்டில் கிடைப்பது அரிது. புழு கண்ணில் படும், தீனி வீட்டுக் கொல்லையிலேயே இருக்கும், முழுச் சுற்றும் ஏறக்குறைய ஐந்தாறு வாரங்களில் முடிந்துவிடும்.

1. முதலில் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

உலக அளவில் அந்துப்பூச்சி வாரம் 2012 முதல் ஜூலை மாதக் கடைசியில் கொண்டாடப்படுகிறது. அதைப் படித்துவிட்டு நானும் ஆடியில் வெள்ளைத் துணி கட்டி விளக்கேற்றினேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றில் உடுமலைப் பக்கம் துணி நிற்குமா என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். காற்றாலைகளை எதற்காக அங்கே நட்டிருக்கிறார்கள்? அன்றிரவு துணி இரண்டு முறை கிழிந்ததுதான் கண்ட பலன்.

பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறைப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை கிடைப்பதால், மழை தொடங்கித் துளிர் விட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின் தோப்புகளுக்குள் புழு தேடலாம். காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்தாருக்கு மழையே பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். அவர்கள் வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பது நல்லது. விளக்கு வைத்துப் பார்ப்பதானால் காற்றில்லாத, வானம் மூடிய, அமாவாசையை ஒட்டிய இரவுகளில் ஏழு மணி முதல் பத்து மணி வரை போதும்.

2. அனுமதிகளும் கடிதங்களும்

சொந்தக் கொல்லைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிறர் தோப்புக்குள் பகலில் நுழைவதற்கு உரிமையாளரிடம் வாய்மொழியாகக் கேட்டால் போதும். இரவில் விளக்கோடு நிற்பதற்கு அது போதாது. ஒருமுறை தோட்டத்துக்காரர் சொல்லியிருந்தும், பக்கத்துச் சாளைக்காரர் தடியுடன் வந்து, "ஏனுங்க, இந்நேரத்துல துணியக் கட்டி வெச்சு என்னங்க பண்றீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். தேங்காய்த் திருட்டு நடக்கும் ஊரில் நள்ளிரவில் வெளிச்சம் எரிந்தால் சந்தேகம் வராதா? அதற்குப் பிறகு, தோட்டத்துக்காரரின் கையெழுத்துடன் தேதியும் நேரமும் குறித்த ஒரு வரிக் கடிதத்தையும் என் அடையாள அட்டை நகலையும் பையில் வைத்துக்கொள்கிறேன். அக்கம்பக்கத்து இரண்டு வீடுகளிலும் மாலையிலேயே சொல்லிவிடுகிறேன்.

காட்டைப் பொறுத்தவரை என் அறிவுரை ஒன்றே: முதல் ஆண்டில் காட்டுப் பக்கமே போகாதீர்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் ஆய்வுக்காக நுழைவதற்கும் உயிரிகளைச் சேகரிப்பதற்கும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் எழுத்து மூலமான முன்னனுமதி வேண்டும். "பூச்சிதானே" என்ற வாதம் சோதனைச்சாவடியில் எடுபடாது. அந்தச் சட்டத்தின் அட்டவணைகளில் பூச்சிகளும் இருக்கின்றன. விண்ணப்பிப்பதானால் ஆய்வின் நோக்கம், முறை, இடம், நாட்கள், உடன் வருவோரின் அடையாளச் சான்று, கல்லூரி அல்லது நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பாகத் தயார் செய்யுங்கள். கடைசி நேரத்தில் விண்ணப்பிக்காமல், பல மாதங்கள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். சத்தியமங்கலம் காட்டின் வழியே செல்லும் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதை மறந்து பயணத் திட்டம் போட்டவர்களும் உண்டு. அவர்களுள் நானும் ஒருவன்.

இன்னொரு கண்ணியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வெளிநாட்டு ஆர்வலர் எவரேனும், ஒரு பூச்சியை அஞ்சலில் அனுப்ப முடியுமா என்று அன்போடு கேட்கக்கூடும். அனுப்பாதீர்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின்படி அதற்குச் சென்னையிலுள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் ஒப்புதல் தேவைப்படும். படம் அனுப்பத் தடையில்லை.

3. வாங்க வேண்டியவையும் ஆன செலவும்

மூடி போட்ட, ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாக்கள் ஆறு 240 ரூபாய், பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் 250, செல்பேசியில் மாட்டி நெருக்கமாகப் படமெடுக்கும் லென்ஸ் 400, வெள்ளைக் காடாத் துணி 180, 160 வாட் பாதரச ஆவி விளக்கு 450, மென்முடித் தூரிகை 30, கெட்டி அட்டை நோட்டு 60. மொத்தம் 1,610 ரூபாய் ஆயிற்று. ஊருக்கு ஊர் விலை மாறும். புழுவிலிருந்து தொடங்குவதானால் விளக்கும் துணியும் வேண்டியதில்லை. 980 ரூபாயிலேயே வேலை முடிந்துவிடும்.

டப்பா மூடியில் ஆணியைச் சூடாக்கித் துளையிடுவது வழக்கம். துளை பெரிதாகிவிட்டால் முதல் பருவப் புழு (பொரித்து இன்னும் ஒருமுறைகூடத் தோலுரிக்காதது) நூலிழுத்துக்கொண்டு வெளியேறிவிடும். மூடியின் நடுவைச் சதுரமாக வெட்டியெடுத்து, பழைய வேட்டித் துணியை ஒட்டுவதே சிறந்தது. டப்பாக்களை அடுக்கும் பலகையின் நான்கு கால்களையும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களுக்குள் நிறுத்துங்கள். எறும்பு ஒரே இரவில் என் மூன்று நாள் முட்டைத் தொகுதியைத் துடைத்தெடுத்துவிட்டது.

4. புழு எது என்று உறுதி செய்யுங்கள்

உரக்கடையிலும் வேளாண் அலுவலரிடமும் "காவடிப்புழு" என்றால் பெரும்பாலும் ஆமணக்கில் வரும் புழுவைத்தான் நினைப்பார்கள். அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. நமக்கு வேண்டியது நிலமளக்கும் புழுக்களின் குடும்பம். உலகெங்கும் 23,000க்கும் மேற்பட்ட இனங்கள் அதில் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பிரித்தறிவதற்குக் காலை எண்ணிப் பார்த்தால் போதும். மார்பில் உள்ள மூன்று சோடி உண்மைக்கால்களை விட்டுவிட்டு, பின்னாலுள்ள சதைப்பற்றான பொய்க்கால்களை மட்டும் எண்ணுங்கள். நம் புழுவுக்கு அவை வால்நுனியையொட்டி இரண்டே சோடி. நடுவயிற்றில் ஒன்றும் இராது. ஆமணக்குப் புழுவுக்கு நடுவயிற்றிலும் பொய்க்கால்கள் உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் பத்து நாட்கள் ஆமணக்கு இலை பறித்து நான் வேறொரு பூச்சியை வளர்த்தேன்.

தலாக்காவின் இளம்புழு கறுப்பாக, உடலின் குறுக்கே வெண்புள்ளி வரிசைகளோடு இருக்கும். இலை விளிம்பில் சிறு துளைகளும் கடிவாய்களும் தெரிந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். வளரவளர நிறம் பழுப்பாக மாறும். அப்போது பின்கால்களால் கிளையைப் பற்றி, உடலை விறைப்பாக நீட்டி நிற்கும் அதைக் காய்ந்த குச்சியிலிருந்து பிரித்தறிவது கடினம். கண்ணால் தேடுவதைவிட, கிளைக்கு அடியில் ஒரு வெள்ளைக் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கம்பால் இரண்டு முறை தட்டுவது எளிது. விழுந்த குச்சிகளில் எது நடக்கிறதோ அதுதான் புழு.

ஒரு எச்சரிக்கை. புழுவின் படத்தை மட்டும் வைத்து இனத்தின் பெயரை எழுதிவிடாதீர்கள். வடகிழக்குத் தேயிலைத் தோட்டங்களில் இதனோடு சேர்ந்தே காணப்படும் ஹைப்போசிட்ரா இன்ஃபிக்சேரியா என்ற நெருங்கிய உறவினமும் உண்டு. பெயர் உறுதியாவதற்கு வளர்ந்த பூச்சி கையில் இருக்க வேண்டும். இனி வரும் எல்லாப் பாடும் அதற்காகத்தான்.

5. முட்டையிலிருந்து தொடங்க விரும்பினால்

விளக்குக்கு வரும் பூச்சிகளில் ஆணே மிகுதி. ஆணின் உணர்கொம்பு இறகு போல் இருபுறமும் கிளைத்திருக்கும், பெண்ணுடையது நூல் போல் இருக்கும். பெண் உருவில் தெளிவாகப் பெரியது, அதன் முன்சிறகின் நுனி கொக்கி போல் சற்று வளைந்திருக்கும். பெண் கிடைத்தால் டப்பாவுக்குள் தேன் கலந்த நீரில் நனைத்த பஞ்சும் நெளிநெளியாக உள்ள அட்டைப்பெட்டித் துண்டும் வையுங்கள். தோட்டங்களில் இது நிழல்மரப் பட்டையின் வெடிப்புகளுக்குள் கூட்டம் கூட்டமாக நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதால், டப்பாவின் வழவழப்பான சுவரைவிட அட்டையின் இடுக்கையே நாடுகிறது. என் பெட்டியில் பொரிப்பதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

பொரித்த எல்லாவற்றையும் வளர்க்க ஆசைப்பட வேண்டாம். முப்பது புழு போதும். பெட்டிக்குப் பத்து வீதம் மூன்று பெட்டிகளில் பிரித்துவிடுங்கள், ஒரு பெட்டியில் நோய் வந்தாலும் மற்ற இரண்டும் பிழைக்கும். மீதி முட்டைகளை உறைபெட்டியில் வைத்து முடித்துவிடுங்கள். தேயிலையிலும் கொக்கோவிலும் இது பொல்லாத பூச்சி என்பதை மறந்து, இரக்கப்பட்டு யாருடைய தோப்பு ஓரத்திலும் கொட்டிவிடக் கூடாது.

6. தீனியும் ஈரமும்

என் முதல் பதினான்கு புழுக்கள் செத்ததற்குக் காரணம் நாற்றுப்பண்ணையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்த கொய்யாச் செடி. தளிர் பளபளவென்று இருந்தது, புழுக்கள் தின்றன, மறுநாள் காலையில் எல்லாம் சுருண்டு கிடந்தன. செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்தை இலையைக் கழுவி நீக்க முடியாது. மருந்தே படாத வீட்டுக் கொய்யாவிலிருந்து மட்டும் பறியுங்கள். கொக்கோ இலையானால் கடைசியாக எப்போது, என்ன அடித்தார்கள் என்று தோட்டத்துக்காரரிடம் தேதியோடு கேட்டு நோட்டில் எழுதுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலும் மருந்துதான். "நாங்க மருந்தே அடிக்கறதில்லீங்க, வேப்பெண்ணெய் மட்டுந்தான்" என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

எந்த இலையில் எடுத்தீர்களோ அதையே கடைசி வரை கொடுங்கள். பலவகைச் செடி தின்னும் இனமாக இருந்தாலும், நடுவில் தீனியை மாற்றினால் சில புழுக்கள் உண்ண மறுக்கின்றன, அதோடு உங்கள் பதிவில் உணவுச்செடி எது என்பதும் குழம்பிவிடும். காம்பைத் தண்ணீர்க் குப்பியில் செருகி வைப்பதானால் குப்பியின் வாயைப் பஞ்சால் அடையுங்கள், அடைக்காவிட்டால் புழு காம்பு வழியே இறங்கி மூழ்கிவிடும்.

டப்பாவின் சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்தால் பூசணம் பிடிக்கும் என்று பொருள். அடியில் செய்தித்தாளை விரித்து நாள்தோறும் காலையில் மாற்றினால் எச்சமும் போகும், ஈரமும் வடியும். புழுவை விரலால் எடுக்காமல் தூரிகையால் எடுங்கள். தோலுரிக்கப்போகும் புழு உண்ணாமல் ஓரிடத்தில் அசையாது நிற்கும், நோய் என்று எண்ணி அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

உண்மையான நோய் வேறு விதமாக வரும். உடல் தளர்ந்து, பின்கால்களால் மட்டும் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கி, தொட்டால் தோல் கிழிந்து கரிய நீர் வழிந்தால் அது நச்சுயிரி நோய். அந்தப் பெட்டியில் மிஞ்சியிருப்பவற்றைக் காப்பாற்ற முயலாதீர்கள். பெட்டியை வெளுப்பான் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே மீண்டும் பயன்படுத்துங்கள். கையையும் தூரிகையையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொட்டால் அதுவும் போகும்.

வேறொரு சாவும் உண்டு. வளர்ந்துகொண்டிருந்த புழு ஒரு நாள் சோர்ந்து நிற்க, அதன் பக்கத்தில் அரிசிக்குருணை போன்ற சிறு கூடுகள் காணப்படும். ஒட்டுண்ணிக் குளவி உள்ளிருந்தே தின்று வெளிவந்திருக்கிறது. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இன்று அதை முழுப் பூச்சி கிடைப்பதற்குச் சமமான ஆதாயமாகக் கருதுகிறேன். இந்தப் புழுவை எந்தக் குளவி எந்த மாதத்தில் தாக்குகிறது என்பது அப்படி வளர்த்தவர்களுக்கு மட்டுமே தெரியவருவது. கூடுகளைத் தனிக் குப்பியில் போட்டு, தேதி எழுதி, குளவி வெளிவரும்வரை காத்திருங்கள். முட்டையிலிருந்தே பெட்டிக்குள் வளர்ந்த புழுக்களில் இது நேராது. ஆகவே இயற்கை எதிரிகளை அறிய விரும்புபவர் வெளியிலிருந்து புழுக்களாகவே எடுத்து வர வேண்டும்.

7. மண்

நான் கேட்டறிந்தவரை புதியவர்கள் பலர் தோற்பது இந்தக் கட்டத்தில்தான். கடைசிப் பருவத்தில் நான்கு செ.மீ. அளவை எட்டிய புழு திடீரெனத் தீனியை விட்டுவிட்டு, உடல் சற்றுச் சுருங்கி, டப்பாவைச் சுற்றிச்சுற்றி ஓடும். அது மண்ணைத் தேடுகிறது. இந்த இனம் செடிக்கு அடியில் மண்ணுக்குள் சென்றுதான் கூட்டுப்புழுவாகும். வெறும் டப்பாவில் ஓடி ஓடிக் களைத்து, செய்தித்தாளின் மேலேயே உருமாறி உலர்ந்துபோனவை என்னிடம் ஒன்பது.

செம்மண்ணையோ வண்டலையோ சலித்து, வாணலியில் சூடாக்கி ஆறவைத்து, தனி டப்பாவில் ஐந்து செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். ஈரம் சரியாக இருக்கிறதா என்பதற்குக் கைப்பிடியே அளவுகோல்: இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பொள்ளாச்சியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று தேங்காய் மட்டையை நாராக்கும் மஞ்சி மில்லின் நார்க்கழிவைப் போட்டேன். கழுவாத நார்க்கழிவின் உப்பும் துவர்ப்பும் ஆகவில்லை, சாணியும் ஆகாது.

புழு உள்ளே இறங்கிய தேதியைக் குறியுங்கள். முதல் நான்கு நாட்களுக்குத் தோண்டக் கூடாது. அப்போது அது கூட்டுப்புழுவாக மாறிக்கொண்டிருக்கும், தோல் மெழுகு போல் மென்மையாக இருக்கும். ஐந்தாம் நாள் வேண்டுமானால் ஒன்றை மட்டும் எடுத்துப் படம் பிடித்து, அதே பள்ளத்தில் வையுங்கள். மேல்மண் வெளிறினால் ஓரத்தில் சில சொட்டு நீர் விட்டால் போதும்.

அதே நாளில், மண்ணில் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்வாக ஊன்றிவிடுங்கள். வெளிவரும் பூச்சி எதிலாவது ஏறித் தொங்கினால்தான் சிறகுக்குள் குருதி பாய்ந்து விரியும். வழவழப்பான சுவரில் அதனால் ஏற முடியாது. இரண்டாம் முறை சிறகு சுருங்கி வந்த என் பூச்சிக்கு வேறு எந்தக் குறையும் இல்லை, ஒரு குச்சி இல்லாததுதான் குறை. என்னிடம் மண்ணில் இறங்கிய ஒன்பதாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் பூச்சிகள் இரவில் வெளிவந்தன. ஒரு நாள் சிறகு உலர விட்டுவிட்டு, மறுநாள் காலையில் படம் எடுங்கள்.

8. நோட்டில் என்ன எழுத வேண்டும்

நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதுங்கள்: தேதி, பெட்டி எண், உயிரோடிருப்பவை, செத்தவை, தோலுரித்தவை, அறையின் வெப்பநிலை. எத்தனையாவது பருவம் என்பதை உடல் நீளத்தை வைத்து ஊகிக்காதீர்கள், புழு நீட்டி மடக்கும் உயிர். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் தலையை மூடியிருந்த சிறு கறுப்பு ஓடு கழன்று விழும், அதை எச்சத்துக்குள் தேடி எடுத்து, ஒட்டுநாடாவால் நோட்டிலேயே ஒட்டிவிடுங்கள். அந்த ஓடுகளின் வரிசையே பருவங்களுக்குச் சான்று. ஐந்து பருவங்களைப் பொதுவாக எதிர்பார்க்கலாம்.

படங்களில் ஒவ்வொரு நிலைக்கும் ஒன்றிலாவது அளவுகோல் தெரிய வேண்டும். அவற்றை வாட்ஸாப்பில் அனுப்பிச் சேமித்தால் தரமும் குறையும், படத்தோடு இருந்த தேதியும் இடமும் அழிந்துவிடும், ஆகவே மூலக் கோப்பை அப்படியே கணினிக்கு மாற்றுங்கள்.

9. பூச்சியையும் பதிவையும் சேர்ப்பது

ஒரு ஆணையும் ஒரு பெண்ணையுமாவது சான்றாக வைத்திருக்க வேண்டும். ஓரிரவு உறைபெட்டியில் வைத்து, மார்பின் நடுவில் பூச்சி ஊசி குத்தி, தெர்மாகோலில் சிறகை விரித்து ஒரு வாரம் உலர்த்துங்கள். ஊசியிலேயே மாநிலம், மாவட்டம், ஊர், கடல்மட்ட உயரம், புழு எடுத்த தேதி, பூச்சி வெளிவந்த தேதி, உணவுச்செடி, எடுத்தவர் பெயர் ஆகியவை எழுதிய சிறு சீட்டைக் குத்திவிடுங்கள். பந்துமுனைப் பேனாவின் மை வெளிறிவிடும், பென்சிலே நீடிக்கும். மிகுந்த பூச்சிகளை விடுவிப்பதானால், புழு எடுத்த அதே இடத்தில், தோட்டத்துக்காரரின் சம்மதத்தோடு மட்டுமே விட வேண்டும். அவர் மறுத்தால் உறைபெட்டிதான்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கோவையிலேயே வழி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகமும் காஸ் வன அருங்காட்சியகமும் உள்ளன. சேகரிப்புகளைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து காண்பது வேறு, பெட்டியைத் திறந்து ஒப்பிடுவது வேறு. இரண்டாவதற்கு நாளும் நோக்கமும் குறித்து முன்கூட்டியே கடிதம் கொடுங்கள், உங்கள் பூச்சியையும் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதானால், உயிரினங்களைக் கண்டவர்கள் படத்தோடு பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி ஆகியவற்றைத் தேதிவாரியாகத் தனித்தனிப் பதிவுகளாகப் போட்டு, விளக்கத்தில் ஒன்றை மற்றொன்றோடு இணைக்க வேண்டும். வெளியில் எடுத்த புழுவின் பதிவு இயல்பானது, பெட்டிக்குள் பொரித்து வளர்ந்தவற்றை வளர்க்கப்பட்டவை எனக் குறியிடுங்கள். நான் அப்படிக் குறியிடாமல் விட்டதால், என் வீட்டு அலமாரி இருக்கும் தெரு ஹைப்போசிட்ரா தலாக்கா மிகுந்த வாழிடமாகச் சில வாரங்கள் வரைபடத்தில் காட்சியளித்தது. திருத்துவதற்கு முப்பத்தோரு பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது.